பொன் கொத்தும் ஒரு வெள்ளி அணுவும்

தம்பி,

வருகிற சனிக்கிழமை நீ ஹலிபாக்ஸுக்குப் புறப்படுகிறாய். உன் பெட்டிகள் வாசலில் அடுக்கியபடி இருக்கின்றன. அப்பா போகவரும்போதெல்லாம் அவற்றில் இடறிவிட்டு, உன்னைத் திட்ட மனமில்லாமல் பெட்டிகளைத் திட்டுகிறார். நேரில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் இரண்டாவது வசனத்துக்கு வருவதற்குள் "ஓகே அம்மா, ஓகே" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்தின் தோளில் அப்படித் தட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்து மலரில் இதைப் போடலாமா என்று கேட்டபோது இரண்டு நிபந்தனை வைத்தாய். உன் பெயர் வரக்கூடாது. 'விஞ்ஞானி' என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் பாவிக்கக்கூடாது. அந்த ஒரு தடவையை இங்கேயே செலவழித்துவிட்டேன். இனி உன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அந்தச் சொல் இல்லாமல்தான் சொல்லவேண்டும்.

நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்பது எனக்கு விளங்காத காலத்திலேயே அதை ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்கியவள் நான். ஒருசில உலோக அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும் கிளஸ்ரர் என்று நீ சொன்னாய். நான் அகராதியைப் பார்த்துவிட்டு, "அதுக்குத் தமிழில கொத்து" என்றேன். உனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அதனால் வந்த வினை உனக்குத் தெரியும், இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாது. என்னோடு முன்பு தொழிற்சாலையில் பெட்டி அடைத்த சந்திரா அக்காவை ஒருநாள் மல்வேர்ன் பஸ் தரிப்பில் கண்டேன்.

"உம்மட மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

"கொத்து, அக்கா."

"என்ன, கொத்தோ?"

"ஓம். தங்கத்தில."

"தங்கம் எண்டது கடையின்ர பேரோ? மார்க்கம் ரவுணிலயோ திறந்திருக்கிறார்?"

"கடையில்லை அக்கா, யூனிவேசிற்றியில."

"கன்ரீனிலயோ! பாவம், அவ்வளவு படிச்சுப்போட்டு."

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அடுத்த கிழமை, சந்திரா அக்கா சொன்னதாக யாரோ ஒரு அம்மா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நூற்றைம்பது பேருக்கு ஆட்டுக் கொத்துரொட்டி போடேலுமோ என்று விசாரித்தார். நீ என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாய். "அன்ரி, நான் போடுற கொத்தை நூற்றைம்பது பேருக்குக் குடுத்தால் ஒருத்தற்ர கண்ணுக்கும் தெரியாது" என்றாய். அவர் என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அன்று நன்றாகச் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெட்கம். சந்திரா அக்கா பிழையாக விளங்கிக்கொண்டதைச் சிரிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பெருமைப்படுவதை மட்டும் செய்துகொண்டிருந்தேன். அதனால்தான் தொழிற்சாலையில் என் ஷிஃப்டைக் குறைத்தபோது, ஸ்காபரோவில் பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

என்னை அங்கே நீ பார்த்திருக்க வேண்டும். முதல் வரிசை, இடப்பக்கம், ஜன்னலோரம். வரைவிலக்கணத்துக்கு நீலப் பேனை, சமன்பாட்டுக்குப் பச்சை, விளங்காததுக்குச் சிவப்பு. முதல் மாதம் என் கொப்பி முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. எனக்குப் பின்னால் இருந்த இளம் பிள்ளைகள் என்னை "அன்ரி" என்று கூப்பிடப் பழகி, சோதனைக்கு முதல்நாள் என் கொப்பியைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் பதில் தெரிகிறதோ இல்லையோ என் கை தானாக உயர்ந்துவிடும். "அம்மா, ஆர் யூ தட் ஸ்ரூடன்ற்?" என்று நீ கேலி செய்தாய். ஓம், அந்த மாணவிதான் நான். இத்தனை வயதுக்குப் பிறகும் அணுவின் படத்தைப் புத்தகத்தில் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சந்தேகம் வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவேன். நீ பஸ்ஸில் நின்றுகொண்டு பதில் சொல்வாய்; இடையில் "ஒரு நிமிசம் அம்மா, இறங்கவேணும்" என்று இறங்கி, தெருவில் நடந்தபடி விட்ட இடத்திலிருந்து தொடர்வாய். ஒரு தடவைகூட "அது உங்களுக்கு விளங்காது" என்று நீ சொன்னதில்லை. விளங்காதபோது, சொன்ன விதம் பிழை என்று எடுத்துக்கொண்டு வேறு விதமாகச் சொல்வாய். இனி உனக்கும் மாணவர்கள் வருவார்கள். அவர்களில் மெதுவான ஒருத்தி இருந்தால், அவளுக்கும் பஸ்ஸில் நின்றபடி பதில் சொல்லும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.

அப்படித்தான் எனக்குக் கொத்து விளங்கியது. என் கையில் உள்ள காப்பும் தங்கம், உன் குடுவையில் உள்ளதும் தங்கம். ஆனால் காப்பில் எண்ணமுடியாத அணுக்கள். உன் கொத்தில் சில பத்து மட்டும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றிச் சில, அவற்றுக்கு வெளியே கந்தகத்தோடு பின்னிய ஒரு வேலி. அவ்வளவு சிறிதாகிவிட்டால் தங்கம் தங்கத்தைப்போல நடந்துகொள்வதில்லை. மஞ்சளாக மினுங்குவதில்லை. ஒரு அணு கூடினாலும் குறைந்தாலும் அதன் நிறமும் குணமும் வேறு. உன் ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று, பால் விடாத பிளேன்ரீயைப்போல இருந்த கரைசலை ஒரு சிறிய போத்தலில் எடுத்து, விளக்கை அணைத்து, ஊதா ஒளியைப் பிடித்தாய். போத்தல் சிவப்பாக எரிந்தது. நெருப்பில்லாத சிவப்பு. நான் "ஐயோ" என்று சொன்னதைக் கேட்டு, அடுத்த மேசையில் நின்ற பிள்ளை பயந்து திரும்பினாள்.

அன்று போத்தலை விட உன்னையே அதிகம் பார்த்தேன். வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போகிறவன், அங்கே ஒவ்வொரு குடுவையையும் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி கழுவினாய். ஒரு போத்தலில் பெயர் எழுதிய தாளை ஒட்டிவிட்டு, விளிம்பை நகத்தால் நீவிவிட்டாய். ஒருவரும் பார்க்காத இடத்தில் ஒரு மனிதன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்க்கும் பாக்கியம் எல்லாத் தாய்மாருக்கும் கிடைப்பதில்லை.

அந்தச் சிவப்பு ஒளியைப் பற்றித்தான் நீ முதலில் பேர் எடுத்த கட்டுரையை எழுதினாய். சுத்தமான தங்கக் கொத்து இவ்வளவு பலமாக ஒளிரும் என்று அது சொன்னது. பிறகு வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் கட்டுரைகளில் 'இவர் இப்படிக் கண்டிருக்கிறார்' என்று உன்னைக் காட்டத் தொடங்கினார்கள். மேற்கோள் என்றால் யாரோ பெரியவர்கள் சொன்னதை நாங்கள் எடுத்துக்காட்டுவது என்றுதான் நான் படித்திருந்தேன். என் மகனையே மேற்கோள் காட்டுவார்கள் என்பது எனக்குப் புதிது. எத்தனை பேர் அப்படிக் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையை இணையத்தில் பார்க்கலாம் என்று நீ காட்டிக்கொடுத்தது பெரிய பிழை. காலையில் வெளியே குளிரா என்று பார்ப்பதற்கு முன் அப்பா அதைத்தான் பார்ப்பார்.

"இஞ்சரும், இண்டைக்கும் கூடியிருக்கு," என்பார். பிறகு, அதிகம் சந்தோசப்பட்டுவிட்டோமோ என்று பயந்தவர்போல, "எண்டாலும் என்ர பஸ்ஸில ஏறின சனத்தை விடக் குறைவுதான்" என்று சேர்த்துக்கொள்வார். நகரத்துப் பஸ் ஓட்டியே வாழ்க்கையைக் கழித்த மனிதர், வேறு எதை அளவுகோலாக வைப்பார்?

அந்தக் கட்டுரையின் பலத்தில்தான் மேற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் உன்னைப் பேராசிரியர் வேலைக்கு இறுதி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நான் மனதுக்குள் அங்கே ஒரு அறைக் கதவில் உன் பெயரை எழுதிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பிரேசிலில் இருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி உனக்கு எழுதினாள். நீ எழுதியபடியே எல்லாம் செய்கிறாளாம். அவளுடைய கொத்து ஒளிரவில்லையாம், மங்கலாகத்தான் தெரிகிறதாம். தான் எங்கே பிழைவிடுகிறேன் என்று சொல்லமுடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தாள்.

நீ முதலில் அவள்தான் பிழைவிடுகிறாள் என்று நினைத்ததை என்னிடம் மறைக்கவில்லை. வெப்பநிலையைப் பார், நேரத்தைப் பார் என்று பதில் எழுதினாய். அவள் எல்லாவற்றையும் பார்த்து, மறுபடி எழுதினாள். அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புதிய இரசாயனப் பொருட்கள், புதிய குடுவை, எல்லாம் புதிதாக வாங்கி, நீயே உன் கையால் மறுபடி செய்தாய். உன்னுடையதும் மங்கலாகத்தான் வந்தது.

மங்கலுக்குக் காரணம் தேடாமல், பழைய ஒளிக்குக் காரணம் தேடினாய். அது ஒரு காந்தத் துண்டில் இருந்தது. கரைசலைக் கலக்குவதற்காகக் குடுவைக்குள் போடுகிற, வெள்ளை உறையிட்ட, மருந்துக் குளிசை மாதிரியான துண்டு. பழையது, கீறல் விழுந்தது. முன்பு யாரோ அதை வைத்து வெள்ளிக் கொத்துச் செய்திருக்கிறார்கள். தங்கத்தையே கரைக்கும் இராச திராவகத்தில் கழுவிவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது உங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. தங்கம் போய்விடும். வெள்ளி போகாது. அந்தத் திராவகத்தில் அது கரையாத வெள்ளை உப்பாக மாறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளை உறையின் கீறலுக்குள் வெள்ளை உப்பு, யாருக்குத் தெரியும்? அதில் கொஞ்சம் உன் குடுவைக்குள் இறங்கி, மிகச் சில கொத்துகளில் ஒரு தங்க அணு நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளி அணு போய் நின்றுவிட்டது. அந்தச் சிலதான் அத்தனை ஒளியையும் கொடுத்தன.

"வெள்ளிக் குளோரைட்டு கரையாது எண்டது பன்னிரண்டாம் வகுப்பு, அம்மா," என்றாய். "இற்ஸ் இன் யுவர் ரெக்ஸ்ற்புக்."

இருந்தது. என் கொப்பியில் அது நீலப் பேனையால் எழுதியிருந்தது. ஆனால் அதைப் படித்தபோது அது ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கக்கூடிய வசனம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இதை நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். உன் ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியர் நல்ல மனிதர்தான். கட்டுரைக்குத் திருத்தம் கட்டாயம் அனுப்பவேண்டும், ஆனால் நேர்முகம் முடியட்டும் என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

"அவர் பொய் சொல்லச் சொல்லேல்லையே. பிறகு சொல்லு எண்டுதானே சொல்லுறார்?"

"அப்பா, அந்தப் பிரேசில் பிள்ளையின்ர சுப்பவைசர் அவவைத்தான் பிளேம் பண்ணுறார். கை சரியில்லை, லாபுக்கு லாயக்கில்லை எண்டு. அவவைப் படிப்பில இருந்து நிப்பாட்டப் போயினம்."

"அவ உனக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. ஐ'வ் நெவர் ஈவன் மெற் ஹேர்."

"முகம் தெரியாத பிள்ளைக்காக வேலையை விடப்போறியோ?"

"விடேல்லை. நேர்முகத்தில முதல் சிலைட்டிலேயே சொல்லப்போறன்."

"முதல் சிலைட்டிலயோ! கடைசியிலயாவது சொல்லன்ரா!" அப்பா என்னிடம் திரும்பினார். "நீரும் இரசாயனம் படிக்கிறனீர்தானே? தங்கத்தைக் கரைக்கிறது வெள்ளியைக் கரைக்காதாம். உலகம் தலைகீழாப் போச்சு. சொல்லும் உவனுக்கு."

நான் உன் தட்டில் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பை விட்டேன். "கொஞ்சநாள்தானே ராசா, பொறுத்தால் என்ன?" என்றேன். கதவில் எழுதிய பெயர் அப்படிப் பேசவைத்தது.

நீ கோபிக்கவில்லை. "அம்மா, உங்கட ரீச்சர் உங்களைப் பாத்து, உங்கட கை சரியில்லை, வகுப்புக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுறார். பிழை உங்களில இல்லை எண்டு தெரிஞ்ச ஒராள் எங்கயோ இருந்து மீன்குழம்பு சாப்பிடுறார். எத்தினை நாள் பொறுப்பீங்கள்?"

என் ஜன்னலோரக் கதிரை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் ஒரு நாளும் பொறுக்கமாட்டேன்.

சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே நீ அவளைக் கூப்பிட்டாய். நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, காய்ந்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "ஹலோ" என்றதும் நீ சுகம் கேட்கவில்லை, மன்னிப்புக்கூட முதலில் கேட்கவில்லை. "நீங்கள் செய்தது சரி. பிழை என்னுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். பிறகு அவள், ஒரு நிமிடம் இருக்கமுடியுமா, தன் பேராசிரியரை இணைப்பில் கூப்பிடுகிறேன், அவருக்கும் இதையே சொல்வீர்களா என்று கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னொருக்காச் சொல்லட்டாம். அவவின்ர பேராசிரியற்ர காதிலயும்," என்றேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சொல்லட்டும்," என்றார். "ஆறுதலாச் சொல்லட்டும்."

நீ ஆறுதலாக, அவசரப்படாமல்தான் சொன்னாய், முதல் தடவையை விடத் தெளிவாக. உன் பேராசிரியரும் அடுத்தநாள் திருத்தத்தில் தன் பெயரை வைத்தார். நேர்முகத்தில் முதல் சிலைட்டில் அதைக் காட்டினாய். சிலர் நல்ல கேள்விகள் கேட்டார்கள் என்றும், ஒருவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் வந்து சொன்னாய். பிறகு, வேறு ஒருவரைத் தெரிவுசெய்திருக்கிறோம் என்று அவர்களிடமிருந்து இரண்டு வரி வந்தது. காரணம் சொல்லவில்லை. காரணத்தை ஊகிக்க எங்களையும் நீ விடவில்லை. அப்பா மட்டும் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டுகிறவரைப்போல ஒரு கிழமை ஊகித்துக்கொண்டே இருந்தார்.

இதில் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. நீ கோபப்படவேயில்லை. பெட்டி வாங்கப் போனாய், ஹலிபாக்ஸில் இரண்டு வருட ஒப்பந்த வேலைக்குக் கையெழுத்து வைத்தாய், எல்லாவற்றுக்கும் "ஓகே". சரியானதைச் செய்தவன் கவலைப்படக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த வேலை உனக்கு வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய், எனக்குத் தெரியும். அங்கே கடற்கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒருநாள் நன்றாகக் கத்திவிட்டு வா.

அந்த மேற்கோள் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அது கூடிக்கொண்டே போகிறது. எனக்கு விளங்காமல் உன்னைக் கேட்டேன். "பிழை எண்டு சொல்லவும் அந்தக் கட்டுரையைத்தானே காட்டவேணும், அம்மா" என்று சிரித்தாய். புகழ்கிறவரையும் திருத்துகிறவரையும் அது ஒரேமாதிரித்தான் கூட்டுகிறதாம். இப்போது வேண்டுமென்றே ஒரு வெள்ளி அணுவை வைத்துப் பார்க்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒரு அணு எவ்வளவு வெளிச்சம் போடும் என்று உன் பிழையிலிருந்துதான் அவர்களுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லும்போது உன் குரலில் இருந்தது சந்தோசம்தான். நான் கவனித்தேன். அப்பா இப்போதும் காலையில் பார்க்கிறார், ஆனால் வாசித்துக் காட்டுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவனை அறிய முடியாது என்று அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். நீயும் அங்கே அதைக் காலையில் பார்க்காதே. முதலில் ஏதாவது சாப்பிடு.

நேற்று நீ புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் போன் ஒலித்தது. அந்தப் பிரேசில் மாணவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஆய்வை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். படத்தில் அவளுடைய தங்கக் கொத்து, ஊதா ஒளிக்குக் கீழே. அப்பா எட்டிப் பார்த்து, "ஒண்டும் தெரியேல்லையே. போன் பழுதோ?" என்றார்.

நீ எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, போனை இரண்டு கைகளாலும் பிடித்து எங்களுக்கு நடுவில் நீட்டினாய். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு போத்தல். வெகுநேரம் பார்த்த பிறகுதான் அதன் அடியில் ஒரு சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு, தெரிந்தது. உன் பட்டமளிப்பு விழாவிலும் நான் உன் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை.

"அவ்வளவுதான் அது. அதுதான் சுத்தத் தங்கம்," என்றாய். "எவ்வளவு வடிவா மங்கலா இருக்கு, பாருங்கோ அம்மா."

பார்த்தேன், தம்பி.

அம்மா